கருவேலன் உட்கார்ந்த வாரங்கள்

5-8-90, ஞாயிறு

ஆடிக் காற்று. கடை வாசலில் கட்டிய தள்ளுபடி பேனர் இரண்டாவது தடவையாகக் கிழிந்தது. மதியத்தோடு கடை அடைப்பு. பழைய நோட்டின் ஓரமெல்லாம் கரையான். அதனால் இன்று முதல் புது நோட்டு. முக்கியமானதை மட்டும் எடுத்து எழுதி வைக்கிறேன்.

— ஆட்டம்: அமெரிக்கக் கால்பந்து. பேர்தான் கால்பந்து, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எங்களில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. வீரசோழன் ஊர்க்காரன் பஷீருக்கு (நோட்டில் ப.) குவைத்தில் அமெரிக்கர்கள் தங்கும் கேம்ப்பில் மெஸ் வேலை. ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பெட்டியை 86 லீவில் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டு பகடை, அட்டவணைகள், ஆட்டக்காரர்களுக்கு வெற்றுக் கார்டு. எல்லாவற்றையும் தமிழில் எழுதியது நான். ஜவுளிக் கடைக்காரன் என்பதால் கெஜக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

— ஆறு ஊர், ஆறு டீம், ஆறு முதலாளி. பகடை உருட்டுவது நான், ஞாயிறு மதியம், என் வீட்டு மாடியில். எனக்கு டீம் கிடையாது.

— முதலாளி வாராவாரம் சீட்டு அனுப்ப வேண்டும். ஓட்டக்காரன் எத்தனை தடவை ஓடுவது, இடமா வலமா நடுவா என்று.

— மூன்று வாரம் சீட்டு வராவிட்டால் டீம் கலைப்பு. (இந்த விதியைக் கொண்டுவந்தது ப. தான். அவனே கடல் தாண்டி ஒழுங்காக அனுப்புகிறான், பந்தல்குடிக்காரனுக்கு என்ன கேடு என்றான்.)

— ஒரே ஆட்டத்தில் பத்துக்கு மேல் ஓடினால் கடைசியில் உடம்புப் பகடை. இரண்டிலும் ஒன்று விழுந்தால் காயம், மூன்று வாரம் ஓய்வு. ஐந்தாவது வருஷத்திலிருந்து ஓய்வெல்லாம் இல்லை. காயம் என்றால் தீர்ந்தது, கார்டைக் கிழித்துவிட வேண்டும்.

வீரசோழன் டீமின் ஓட்டக்காரன் கருவேலன். பேர் வைத்தது ப. 'வெட்ட வெட்டத் துளுப்பான்' என்றான். 86 முதல் ஆடுகிறான். நேற்று வரை 5,212 கெஜம். ஆறு ஊரிலும் அவன் கிட்டே நிற்க ஆள் இல்லை. இது அவனுக்கு ஐந்தாவது வருஷம்.

இன்று 24 தடவை ஓடி 131 கெஜம். உடம்புப் பகடை 4, 2. தப்பித்தான். போன மாதம் ப. அனுப்பிய கவரில் இந்த வாரம் வரைதான் சீட்டு.

ரேடியோவில் மூன்று நாளாகக் குவைத். ஈராக் பட்டாளம் உள்ளே புகுந்துவிட்டதாம். அதை விட்டுவிட்டு விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்தால் பயமாக இருக்கிறது.

9-8, வியாழன்

வெயில். தண்ணீர் வரவில்லை, நாலாவது நாள்.

டீக்கடையில் காதில் விழுந்தவை:

'நம்ம ஆளுகள ஒண்ணும் செய்ய மாட்டாகளாம்.'

'கேம்ப்பப் பூராம் பூட்டிட்டாகளாம்ல.'

'லைன் கெடைக்கல. மதுரைக்குப் போயி ட்ரங்க் கால் போட்டும் கெடைக்கல.'

ஒருவன் சொன்னதை அடுத்தவன் மறுத்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டையும் நம்பி, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

பாவாடைத் துணி கிழிக்கும்போது அளவு தப்பியது. இருபது வருஷத்தில் முதல் தடவை. அந்தம்மா கவனிக்கவில்லை. கூப்பிட்டு வேறு கிழித்துக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரி சரஸ்வதி சொல்கிறாள், இரண்டு நாளாக நான் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம்.

12-8, ஞாயிறு

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

எல்லோரும் மாடிக்கு வந்தாயிற்று. வீரசோழன் சீட்டு மட்டும் இல்லை. விதிப்படி, சீட்டு வராத வாரத்துக்கு ப. பேருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு வெட்டுப் போட வேண்டும். பேனாவைத் திறந்தும் விட்டேன். அப்போதுதான் ஆட்ட முடிவுத் தாளின் நினைப்பு வந்தது. கார்பன் வைத்து எழுதுகிறேன், வீரசோழனுக்கு ஒரு பிரதி பஸ் கண்டக்டர் கையில் போகும். அங்கே பள்ளிவாசல் பக்கம் தையல் கடையில் தொங்கும். பஷீர் என்ற பேருக்கு நேரே சிவப்பு வெட்டு. அவன் அம்மா அந்த வழியாகத்தான் ரேஷன் கடைக்குப் போவார். அவன் பெண்டாட்டி ஜெய்த்தூனும் பார்ப்பாள்.

'கவர் நேத்து வந்துருச்சு, உள்ள இருக்கு' என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். பந்தல்குடி தங்கராசு டயர் ரீட்ரெட் பட்டறை வைத்திருக்கிறவன், லேசில் எதற்கும் அசையாதவன். அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உள்ளே போய் அவசரமாக ஒரு சீட்டு எழுதினேன். ப. எழுத்து எனக்கு அத்துப்படி. 24 என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. பத்துக்கு மேல் போனால் உடம்புப் பகடை உருட்ட வேண்டும். எட்டு என்று எழுதினேன்.

கருவேலன் 8 தடவை, 29 கெஜம். டீம் தோற்றது. தோற்றால் தோற்கட்டும்.

14-8, செவ்வாய்

வீரசோழன் கண்டக்டர் கடைக்கே வந்துவிட்டார், சிரித்த முகமாக. ப. கிட்டேயிருந்து எனக்கு லெட்டர் வந்த சேதி ஊர் பூராம் பரவிவிட்டதாம். அவன் அம்மா பத்து நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்களாம். பேரீச்சம்பழம் ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருக்கிறார்கள், எனக்கென்று.

வாங்கிக்கொண்டேன். கடையை வேலைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

சரஸ்வதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பழத்தை டப்பாவில் போட்டு மேல் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

20-8, திங்கள்

நேற்றும் எட்டு. 34 கெஜம்.

இன்று பதினோரு மணிக்கு ஜெய்த்தூன் கடைக்கு வந்தாள். ஏஜென்ட் ஆபீஸில் விசாரிக்க டவுனுக்கு வந்தாளாம். பம்பாய்க்குப் பிளேனில் வந்து இறங்குகிறவர்கள் பேர் அங்கே ஒட்டுகிறார்கள். ப. பேர் இல்லை.

லெட்டரைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டிய பொய்யை நாலு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அவள் கேட்கவில்லை. முடிவுத் தாளை மட்டும் கேட்டாள். நின்றபடியே மேலிருந்து கீழ் வரை படித்தாள். கருவேலன் வரியில் கொஞ்ச நேரம் கண் நின்றது. மடித்துப் பர்ஸில் வைத்தாள்.

'இனிமே கண்டக்டர்கிட்ட குடுக்க வேணாம்ணே. திங்கக்கிழம திங்கக்கிழம நானே வந்து வாங்கிக்கிறேன்.'

அவ்வளவுதான். அவள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

26-8, ஞாயிறு

புழுக்கம். மழை வருகிற மாதிரி மேகம் கூடிக் கலைந்தது.

தங்கராசு இன்று பிடித்துக்கொண்டான். ஏலே, கருவேலனுக்கு என்ன வயிற்றுப்போக்கா, மூன்று வாரமாக எட்டோடு உட்கார்ந்துவிடுகிறான் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். நானும் சிரித்தேன். கவரை எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும் என்பது விதி, அந்தக் கவரைக் கண்ணில் காட்டு என்றான். சரஸ்வதி காப்பித் தட்டோடு வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

போகும்போது படிக்கட்டில் என்னைத் திரும்பிப் பார்த்தான். டயரில் ஆணி எங்கே என்று தேடுகிற பார்வை.

ப. எனக்குச் சிநேகிதன். சீட்டு எழுதுவதை நிறுத்தினால் அவன் பேரை என் கையாலேயே அடித்த மாதிரி. எழுதினால் அவன் அம்மாவுக்குச் சோற்றோடு பொய்யை ஊட்டுகிற மாதிரி. நாளைக்கு வேறு சேதி வந்தால்? அந்தச் சேதியின் தேதி 12-8-க்கு முந்தி இருந்தால்? செத்தவன் பேரில் சீட்டு எழுதியவன் என்று என்னைச் சொல்வார்களே.

இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்தால் இன்னும் பளிச்சென்று தெரியும். இருக்கட்டும்.

28-8, செவ்வாய்

வேலை: சாக்பீஸ் ஒரு பெட்டி வாங்க வேண்டும். மீட்டர் கோல் முனை தேய்ந்துவிட்டது. சரஸ்வதிக்குக் கண் சொட்டு மருந்து.

குவைத்திலிருந்து தப்பி வந்த ஒருவர் ஏஜென்ட் ஆபீஸில் இருந்தார். கையில் பிளாஸ்டிக் பை ஒன்று, வேறு சாமான் இல்லை. ப. இருந்த கேம்ப் தெரியும் என்றார். அங்கே இருந்தவர்கள் இரண்டு லாரியில் கிளம்பினார்களாம். ஒரு லாரி எல்லைக்கு வந்து சேர்ந்ததை இவரே பார்த்திருக்கிறார். மற்றது? 'தெரியலைங்க' என்று தண்ணீர் கேட்டார்.

அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை. ஜெய்த்தூனிடம் சொல்வதா? இரண்டில் ஒன்று என்று சொல்வதா?

3-9, திங்கள்

சொல்லிவிட்டேன்.

ஜெய்த்தூன் வந்தபோது கடையில் ஆள் இல்லை. தாளை நீட்டினேன். அவள் வாங்குவதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது. லெட்டர் ஒன்றும் வரவில்லை, நாலு வாரமும் நான்தான் எழுதினேன், செருப்பால் அடித்தாலும் தகும் என்றேன். லாரிச் சேதியையும் சொன்னேன். வேட்டி முனையைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசியிருக்கிறேன், பின்னால்தான் பார்த்தேன்.

அவள் முகம் மாறவில்லை. வெளியே ஒரு லோடு லாரி போகிற வரை பொறுத்திருந்தாள்.

'மொத வாரமே தெரியும்ணே. அவுக கருவேலன ஒரு நாளும் உக்கார வைக்க மாட்டாக. எட்டுன்னு பாத்ததுமே, இது யாரோ பயந்த ஆளு எழுதுனதுன்னு தெரிஞ்சுபோச்சு.'

பின்னே எதற்கு வாராவாரம் பஸ் ஏறி வந்து இந்தக் கடுதாசியை வாங்கிப் போகிறாய் தங்கச்சி என்று கேட்டேன்.

'நீங்க எழுதுற வரைக்கும் உங்க காதுக்குக் கெட்ட சேதி எதுவும் வரலன்னு அர்த்தம். நீங்க நிப்பாட்டுனா நான் தெரிஞ்சுக்குவேன். அதுக்குத்தான் வாரேன்.'

அவளே மேற்கொண்டு சொன்னாள். வீட்டில் மாமியார் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறார்களாம். மகன் நாலு வருஷமாக லெட்டரில் கருவேலன் புராணம் எழுதியதில் மாமியாருக்கும் கணக்கெல்லாம் அத்துப்படி. அவன் ஏன் சுணங்கிக் கிடக்கிறான் என்று போன வாரம் கேட்டுவிட்டார்களாம்.

'நிப்பாட்டாதீக. ஆனா எட்டு வேணாம். அவுக ஓட்டுற மாதிரி ஓட்டுங்க.'

ஐந்தாவது வருஷம், உடம்புப் பகடை, கார்டு கிழிப்பது எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டும் ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது என்றேன்.

'விழுறது விழட்டும்ணே. பகடையில பொய் சொல்லாதீக.'

இருபது நாளாக மேல் தட்டில் இருந்த பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பாரம் இரண்டு பேர் தலையிலும் ஏறியதுதான் மிச்சம்.

9-9, ஞாயிறு

கருவேலன் 25 தடவை. இடம் 6, வலம் 9, நடு 10. ப. எழுதினால் இப்படித்தான் எழுதியிருப்பான். 140 கெஜம். டீம் ஜெயித்தது.

உடம்புப் பகடையை உருட்ட முடியவில்லை. உள்ளங்கை வேர்த்துப் பகடை ஒட்டிக்கொண்டது. தங்கராசு என் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது, எனக்குத் தெரியும். கவர் எங்கே என்று இன்று கேட்கவில்லை. 'உருட்டுலே, ஒண்ணும் ஆகாது' என்றான், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி.

5, 3.

மாடியை விட்டு இறங்கி வாளித் தண்ணீரில் முகம் கழுவினேன். ஒரு வாரம் தள்ளியாயிற்று. அடுத்த ஞாயிறும் வரும்.

16-9, ஞாயிறு

1, 1.

17-9, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

25 தடவை, 118 கெஜம். கடைசி ஓட்டம் நடுவில், 3 கெஜம். பிறகு உடம்புப் பகடை. முதல் பகடை ஒன்றில் நின்றது. இரண்டாவது பாய் ஓரம் வரை ஓடி, சுற்றி, நின்றது. குனிந்து பார்த்தவன் தங்கராசு. அவன் ஒரு விரலால் தட்டியிருந்தால் போதும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பகடையில் பொய் இல்லை.

கருவேலன்: 5,780 கெஜம். தீர்ந்தது.

கார்டை எல்லோர் முன்னாலும் நான்தான் கிழித்தேன். சத்தம் துணி கிழிக்கிற சத்தம் மாதிரியே இல்லை, சின்னதாக இருந்தது. இரண்டு துண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் சரஸ்வதி. நல்ல மனதோடுதான் சொன்னாள். நானும் அப்படி நினைக்கப் பார்த்தேன். நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது. தலைப்பாகை போன பிறகு தலை போனதில்லையா?

இன்று ஜெய்த்தூன் வந்தாள். தாளைக் கொடுக்கும்போது வேறு பக்கம் பார்த்தேன். 'கருவேலன் – காயம் – ஆட்டம் முடிந்தது' என்று எழுதியிருந்தேன், அதற்குக் குறைவாக எழுத வழி தெரியவில்லை. படித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மடித்தாள். கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், இதுவரை உட்கார்ந்ததே இல்லை.

எழுந்தபோது கேட்டாள்: 'அடுத்த வாரம் யாருணே ஓடுவா?'

டீமில் மாற்று ஆள் ஒருவன் இருக்கிறான், பேர்கூட இல்லை, வெறும் நம்பர் என்றேன். ஒரு பேர் யோசித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

24-9, திங்கள்

நேற்று மாற்று ஆள் 25 தடவை ஓடி 51 கெஜம். ஓட்டமா அது, நொண்டல்.

ஜெய்த்தூன் வரவில்லை. கடைசி பஸ் நேரம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இன்று லீவு, புது ஆளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தாள் கல்லாப் பெட்டி மேலேயே கிடக்கிறது.

நல்ல சேதி என்றால் ஓடி வந்திருப்பாளே.

25-9, செவ்வாய்

வரவில்லை. வாடிக்கையாளர் ஒருவரிடம் எரிந்து விழுந்தேன்.

26-9, புதன்

கண்டக்டர் வந்தார். ப. அம்மாவுக்குக் காய்ச்சலாம், ஜெய்த்தூன் அதனால்தான் நகரவில்லையாம். கருவேலன் சேதியைக் கேட்ட அன்றைக்குப் படுத்தவர்கள். வெறும் கஞ்சிதான் இறங்குகிறதாம். காய்ச்சலுக்குக் காரணம் யார் என்று கண்டக்டர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

27-9, வியாழன்

பகல் இரண்டரை. கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணல்.

தபால்காரர் ஒரு கவர் கொடுத்தார். வெளிநாட்டு ஸ்டாம்ப், ஓரம் நனைந்து காய்ந்தது. ப. எழுத்து. நான் போட்ட எழுத்து இல்லை, அவன் எழுத்து. இரண்டு தடவை பார்த்தேன்.

அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு வைத்துத்தான் பிரித்தேன். விதி.

பாலைவனத்தில் கூடாரமாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, தண்ணீருக்குத்தான் வரிசை. பிளேன் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. வீட்டுக்கும் தனியே ஒரு லெட்டர் போட்டிருக்கிறான், எது முந்திச் சேருமோ என்கிறான். அப்புறம் இது, அவன் வார்த்தையில்:

'மூன்று வாரம் தாண்டிவிட்டது. விதிப்படி என் டீமைக் கலைத்திருப்பாய். விதி நான் போட்டது, குறை சொல்ல மாட்டேன். ஒருவேளை கலைக்காமல் இருந்தால், இங்கே பொழுது போகாமல் எட்டு வாரத்துக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் கருவேலன் இருபத்தைந்து. பயந்துகொண்டு அவனை உட்கார வைத்துவிடாதே.'

எட்டு சீட்டும் கவருக்குள் இருக்கின்றன. பிஸ்கட் பாக்கெட் அட்டையை வெட்டி எழுதியிருக்கிறான்.

பையன் முன்னால் அழுதுவிட்டேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன். 11-9. இன்று 27. நடுவே பதினாறு நாள். அதையும் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், என்னை மாற்ற முடியாது.

3.40-க்கு வீரசோழன் பஸ். அந்த அம்மாவிடம் நானே படித்துக் காட்ட வேண்டும். கருவேலன் போய்விட்ட சங்கதியை அவனுக்கு இப்போது எழுத வேண்டாம்.

கார்டின் இரண்டு துண்டும் பழைய சட்டைப் பையில். சரஸ்வதி துவைக்கப் போடுவதற்குள் எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கோந்து ஒரு பாட்டில்.